படியில நிக்காதீங்க

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

கதவுக்கு வெளியே மனைவியின் குரல். காலமெல்லாம் பேருந்தில் தான் கத்திய வசனம் தனக்கே திரும்பி வந்ததில் கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது.

"நான் கதவுகிட்ட நிக்கிறது உனக்கு எப்படித் தெரியும், டிக்கெட் செக்கரம்மா?"

"கீழ நிழல் தெரியுது. உள்ள கட்டில் காலியாத்தானே கிடக்கு? போய் உக்காருங்க."

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. திருப்புளி பிடித்து அதைப் பொருத்தியது அவர்தான். ஓடுகிற வண்டியிலேயே பழகிய கால்கள், உள்தாழ்ப்பாளுக்கு அடங்காது என்று அவருக்கே தெரியும்.

ஒரு கட்டில், ஒட்டினாற்போல் ஒரு குளியலறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு குழாய். குழாயில் துரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். ஆணியில் காக்கிச் சட்டை தொங்கியது.

சாப்பாட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அவள் தட்டை முக்காலியில் வைத்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, ஹாலின் அந்தக் கோடிக்குப் போய் "ரைட்!" என்பாள். அதன்பிறகுதான் அவர் கதவைத் திறக்கலாம். தட்டை எடுத்துக் கதவை மூடியதும் "ஹோல்டான்!" என்பார். அவள் வந்து தாழிடுவாள்.

"தட்டெல்லாம் அங்கயே சேருது. நாளைக்குக் கையை நீட்டுங்க, சோத்தை உருட்டிப் போடுறேன்" என்றாள்.

"கழுவி அடுக்கித்தான் வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போயேன்."

"ஆஸ்பத்திரியில வேணாம்னு சொல்லியிருக்காங்கல்ல? அங்கயே இருக்கட்டும்."

அவள் காலடி சமையலறைப் பக்கம் போயிற்று. சிறிது நேரத்தில் அங்கே ஏதோ விழுந்து உருண்டது. பிறகு சத்தமில்லை.

"ஏய், என்னாச்சு?"

கதவைப் பிடித்து இழுத்தார். அவர் முடுக்கிய திருகாணிகள் அசையவில்லை.

"செக்கரம்மா!"

"கத்தாதீங்க." குரல் தரையோடு தரையாக வந்தது. "மூடி விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன், அப்படியே உக்காந்துட்டேன். எந்திரிச்சுக்குவேன்."

"தாழ்ப்பாளை எடு. நான் வர்றேன்."

"வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி இறங்கக் கூடாது. நீங்கதான் சொல்வீங்க."

கதவில் நெற்றியை வைத்து நின்றார். அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த ஃபோன் அடித்தது.

புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். சின்னப் பெண்ணின் குரல்.

"ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல் சார். ஆபத்து அதிகமா இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஃபோன் பண்றோம். ரத்தப் புத்துதானே?"

"ஆமா."

"வயசு?"

"ஐம்பத்தஞ்சு."

"சர்க்கரை?"

"அதுவும் உண்டு."

"கடைசியா மருந்து ஏத்தினது?"

"போன வாரம்."

"சிகரெட்?"

அவர் ஆணியில் தொங்கிய சட்டையின் பையைப் பார்த்தார். "பிடிச்சது கிடையாது. புகை மட்டும் நிறைய உள்ள போயிருக்கு."

"தடுப்பூசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. இந்த உடம்புல அது பாதிதான் பிடிக்கும்னு டாக்டர் சொன்னார்."

"ஆமா சார். வெள்ளணுவும் ரொம்பக் கம்மியா இருக்கு. நமக்கு மூணு நாள் சளியா வந்துட்டுப் போறது, இவங்களுக்கு நேரா நுரையீரலுக்கு இறங்கிடும். அப்புறம் எங்க கையில இல்ல. உடம்பு லேசாச் சுட்டாலும் உடனே கூட்டிட்டு வந்துடணும். வீட்ல யாருக்காவது இருமல், சளி?"

அவர் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கி அடங்கச் சற்று நேரமாயிற்று.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். இருமல் இருக்கு. ஒருத்தருக்கு."

"ஐயோ! நடுவுல ஒரு கதவாவது இருக்கணும் சார்."

"இருக்கு. தாழ்ப்பாளும் இருக்கு."

"அப்பாடா. நோயாளி ரூமை விட்டு வெளியவே வரக் கூடாது. அடைச்சு வச்ச மாதிரி கஷ்டமாத்தான் இருக்கும். வேற வழியில்ல."

ஹாலில் நாற்காலி இழுபட்டது. வாசல் கதவு திறந்தது. வெயிலில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மனைவி மெல்ல ஏதோ பாட்டை முனகுவது கேட்டது. கண்டக்டர் மூச்சை விட்டார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் ஒரே ரூம்ல கிடந்துட்டு வந்தவம்மா. மறுபடியும் அடைச்சு வைக்க மனசு வரல."

"அப்ப என்ன சார் பண்ணீங்க?"

"நான் உள்ள வந்துட்டேன்."