பாரீஸ் ஆம்ப்ளிபயர்

என் மனைவியை நான்தான் கரண்டில் மாட்டிவிட்டேன். சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, உப்பளம் ஏரியாவில் எங்கள் சொந்த வீட்டு ஹாலில், "மைக் டெஸ்டிங், ஒன், டூ" என்று அவளைச் சொல்லச் சொல்லி.

லூர்துசெல்வி "ஒன்" வரைக்கும் வந்தாள். அடுத்த நொடி "ஐயோ ஆண்டவரே" என்று அலறி மைக்கைத் தரையில் போட்டாள். ரப்பர் செருப்பு வழுக்க, தடுமாறிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எட்டி சுவிட்சை அணைத்தாள்.

அடுத்து நான் பாட வேண்டும். அவளிடமிருந்து மைக்கை வாங்க, அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நிலையில், எந்தப் புருஷனும் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"மைக்குக்கு ஒண்ணும் ஆவலியே?"

அங்கே ஆரம்பித்தது அவள் கோபம்.

அந்த ஆம்ப்ளிபயர், பாரீஸில் இருக்கும் சூசை அண்ணன் லீவுக்கு வந்தபோது விட்டுப்போனது. மறுநாள் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் பதினெட்டுக் குடும்பம் ஜெபம் சொல்ல வரும். ஆரம்பப் பாட்டு என்னுடையது. என் குரலைப் பதினெட்டுக் குடும்பத்துக்கும் கொண்டுசேர்க்க ஒரு பெட்டி வேண்டாமா?

அந்த ஊர் பிளக்கில் உருண்டையாக இரண்டே பின். நம் சாக்கெட்டிலோ மேல் ஓட்டையில் எதையாவது நுழைத்தால்தான் கீழ் ஓட்டைகள் திறக்கும். நான் ஒரு பால்பாயிண்ட் பேனாவை நுழைத்து பிளக்கைச் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. விஞ்ஞானி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செல்வி பிரெஞ்சு படித்தவள். பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு எர்த் கண்டிப்பா வேணும்னு போட்டிருக்குங்க. நம்ம சாக்கெட்ல இந்த பிளக்க மாட்டினா எர்த்தே வராது."

"எர்த்தா? இது பாட்டுப் பாடற பொட்டி, செல்வி. இஸ்திரிப் பொட்டி இல்ல." இரண்டு நாளும் இதே பதில்தான். இரண்டு நாளும் நான் மட்டும் சிரித்தேன்.

இப்போது சிரிக்க முடியவில்லை. அண்ணனுக்கு போன் போட்டுக் கத்தினேன். "இங்க பன்னண்டு வருஷமா ஓடின பொட்டிடா. ஒன் வீட்டு கரண்டு சரியில்ல" என்றான். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் கரண்டு வரைக்கும் இங்கே எல்லாம் மட்டம்தான்.

எனக்கும் வீம்பு வந்தது. "லேசா கிள்ளியிருக்கும். அதுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமா? நான் புடிச்சுக் காட்டறேன் பாரு" என்று சுவிட்சைப் போடப் போனேன்.

என் மணிக்கட்டில் துடைப்பக்கட்டை விழுந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் அடி.

"அதத் தொட்டீங்க, நாளைக்கு ஜெபமும் கிடையாது, ஒரு வா சோறும் கிடையாது. நாகராஜக் கூப்புடுங்க."

பிள்ளைச்சாவடியிலிருந்து எலெக்ட்ரீஷியன் நாகராஜ் ஐந்து மணிக்கு வந்தான். என்னை விலகி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டு, மைக்கின் வலையில் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக எரிந்தது. உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கழற்றினான்.

"யாருண்ணே இத மாட்னது?"

"நான்தான்."

"படிச்சவங்கதானே நீங்க? உள்ள வயர் தோல் வெடிச்சு, பாடியத் தொட்டுக்கினு இருக்கு. மொத்த கரண்டும் மைக்ல வந்து நிக்குது. எர்த் இருந்தா ஃபியூஸாவது புடுங்கியிருக்கும். அந்த ஊரு சாக்கெட்லயே எர்த் பின்னு வெளிய நீட்டிக்கினு இருக்கும்ணே. நம்ம ஊர்ல ஏது?"

பிறகு செல்வியின் காலைப் பார்த்தான். "அண்ணி, அப்பவும் இந்த ரப்பர் செருப்புதானா?"

"ஆமா" என்றாள்.

நாகராஜ் அவளையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சமையற்கட்டைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினான்.

"நீங்க எப்டி நின்னீங்க?"

"வெறுங்கால். ஈரத்துல."

"நீங்க புடிச்சிருந்தாலும் நாளைக்கு இந்த வீட்ல கூட்டம் இருக்கும்ணே. நடுவுல நீங்க படுத்திருப்பீங்க."

வயரையும் மாற்றி, மூணு பின் பிளக்கும் போட்டு, கரண்டு கசிந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்ச் ஒன்றும் வீட்டுக்கு வைக்கிற வரை தொண்டையால் பாடச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

சமையற்கட்டுக்குப் போனேன். செல்வி வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி விழுந்த வேகத்தைப் பார்த்தால் அது வெங்காயமாக எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு விழ வேண்டிய அடி, செல்வி. ஒனக்கு விழுந்துடுச்சு. நான் ஒரு முட்டாள்."

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"ரொம்ப வலிச்சுதா? எங்க அடிச்சுது, கையிலயா, ஒதட்லயா? கோவமா இருந்துக்க, வேணான்னு சொல்லல. ஒரே ஒரு பதில் சொல்லு."

கத்தியைக் கீழே வைத்தாள். கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளா தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். ஒரு வார்த்த கேட்டீங்களா? ஈரத்துல வெறுங்காலோட கைய நீட்டிக்கிட்டு வந்து நிக்கறீங்க. நான் வேற என்னதான் பண்றது?"

"என்ன பண்ண?"

"கத்துனேன். எனக்கு ஷாக்கே அடிக்கலீங்க."