தெருப்பெயர்

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கையில் சமூகவியல் பேராசிரியர் திருஞானம் கணினி நிரல் எழுதக் கற்றார். கற்றது ஒரே ஒரு வரி. அதற்கே தலைகால் புரியவில்லை அவருக்கு. விவர அட்டவணையில் எந்த வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரிசையையே தூக்கிவிடும் வரி அது.

அவருடைய சொந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கி விவரம் சேர்த்தவள் ஆய்வு மாணவி செல்லக்கிளி. வாய்க்காலுக்குத் தெற்கே எண்பத்தொரு வீடுகளுக்குத் தெருப்பெயரைக் காலியாக விட்டிருந்தாள். அந்தத் தெருக்களுக்கு யாரும் பெயர் வைத்ததே இல்லை.

அவர் வரியை ஓட்டினார். திரையில் இருந்த வரைபடத்தில் ஊர் வாய்க்காலோடு முடிந்தது.

"பாத்தியாம்மா, எவ்ளோ சுத்தமாயிடுச்சு! இப்படியே அறிக்கையில சேத்து அனுப்பிடலாம்."

"அந்தப் பக்கம் நீங்க போனதுண்டா சார்?"

"எனக்கு அங்க என்னம்மா வேலை?" என்றபடி டீ குடிக்கப் போனார். வாய்க்காலைத் தாண்டாமலே ஊரைப் பற்றி நான்கு புத்தகம் போட்ட மனிதர்.

செல்லக்கிளி அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூல அட்டவணையை மறுபடி திறந்து, அதன் காலிக் கட்டங்களில் எல்லாம் ஒரே பெயரை நிரப்பி, அவருடைய அதே வரியை மறுபடி ஓட்டினாள். ஒரு வீடுகூட விழவில்லை.

அவர் திரும்பியபோது தெற்கே எண்பத்தொரு புள்ளிகள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும், 'பேராசிரியர் திருஞானம் தெரு'.

"இப்படியே அனுப்பிடவா சார்?" என்றாள்.