மூன்றாவது உருண்டை

மேகமலைத் துரை தோட்டத்தில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் வீரணன் சனிக்கிழமைதான் சின்னமனூர் வீட்டுக்கு இறங்குவான். வீட்டில் அவனும் பெண்டாட்டி ஒச்சம்மாளும்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி தட்டில் கேப்பைக் களி மூன்று உருண்டை இருந்தது.

"இது எவனுக்குடி?"

"ஆத்தா மேல சத்தியமா நான் ரெண்டுதான் உருட்டுனேன். நீங்க மலையில இருக்கப்பவும் ஒண்ணு உருட்டுனா ரெண்டா இருக்கு."

நம்புகிற ஆளா அவன்? மறுநாள் மத்தியானம் அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, தானே உலை வைத்து, மாவைக் கொட்டிக் கிண்டினான். தண்ணீர் தொட்டு ரெண்டே உருண்டை உருட்டி, சட்டியையும் வழித்துப் போட்டான். கை கழுவித் திரும்பினால் தட்டில் மூன்று. மூன்றாவதில் மட்டும், குழம்பு ஊற்றத் தோதாகக் கட்டைவிரலால் அமுக்கிய குழி இருந்தது.

வீரணன் அந்தக் குழியை அடையாளம் கண்டவன்போல உற்றுப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ஒச்சம்மாள் கருவாட்டுக் குழம்பை அவனுக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றினாள், தயங்கித் தயங்கிக் கரண்டியை அந்தக் குழிக்குக் கொண்டுபோனாள்.

"ஏய், அவுகளுக்குக் கருவாடு ஆகாது. மோரை ஊத்து" என்றான் வீரணன்.

கரண்டி அப்படியே நின்றது. ஒச்சம்மாள் மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"எவுகளுக்கு?"