நூறு வயதுக்காரர்

"அன்ரி, எங்கட பிரிவில நூறு வயசு தாண்டின ஒருத்தர் இருக்கிறார். உங்களுக்குத் தெரியுமோ?"

தேனுஜன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். சரோஜினிதேவி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சில ஒழுங்கைச் சந்துகள்தான் அவர்களுடைய பிரிவு. அதன் குடியிருப்போர் சங்கத்துக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சரோஜினிதேவி தலைவி, கணினிப் பொறியாளன் தேனுஜன் செயலாளர். பெயருக்குத்தான் சங்கம். போன கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கதவு திறந்துவிட வந்த காவலாளி. வருகிற ஞாயிறும் இதே கதைதான் என்றால் சங்கத்தை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. சரோஜினிதேவிக்கு அதில் மனமில்லை. போன மாதம் அவருடைய கட்டடத்தில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து பகல் முழுக்கக் கிடந்தார். அடுத்த வீட்டுக்காரருக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை.

"இதை எங்கயிருந்து எடுத்தனீர், தம்பி?"

"குடிசனக் கணக்கு, அன்ரி. வெப்சைட்டில போட்டிருக்கு, ஆரும் பார்க்கலாம். பேர், விலாசம் ஒண்டும் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான்."

சரோஜினிதேவி வரிவரியாகப் படித்தார். தனியே இருக்கும் முதியவர்கள் இவ்வளவு பேரா? பாலர் வகுப்புக்குப் போகிற வயதில் இத்தனை பிள்ளைகளா? லிஃப்டில் தரையைப் பார்த்தபடி இறங்கிப் போகிற சனமெல்லாம் அந்த அட்டவணைக்குள் இருந்தது. கடைசி வரியில் அவர் விரல் நின்றது. நூறும் அதற்கு மேலும்: ஒருவர்.

"கடவுளே! பக்கத்தில இருந்துகொண்டு தெரியாமல் இருந்திருக்கிறமே. கண்டுபிடிப்பம் தம்பி. ஞாயிறு அந்தப் பெரிய மனிசனுக்குப் பொன்னாடை போர்ப்பம். அதைப் பார்க்கவாவது சனம் வரும்."

அன்று மாலையே இருவரும் படியேறத் தொடங்கினார்கள். கதவுகள் முதலில் சங்கிலி விட்ட அளவுக்குத்தான் திறந்தன. நூறு வயது என்றதும் முழுதாகத் திறந்தன.

"எங்கட லேன்லயா? சும்மா சொல்லாதீங்க!" என்று வாய் பிளந்தார் துணிக்கடை பௌஸி. பேச்சோடு பேச்சாக, தாயாருக்கு ஊசி போடத் தினமும் ஓட்டோவில் கொள்ளுப்பிட்டிக்குப் போவதாகச் சொன்னார். நேர் மேல்மாடியில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருப்பது அவருக்குத் தெரியாது. மறுநாளே ஓட்டோச் செலவு நின்றது.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சா?" என்று லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள். ஒரே ஒரு எண் இத்தனை பேரின் வாயைத் திறக்க வைத்துவிட்டதே என்று சரோஜினிதேவி மலைத்துப்போனார்.

கடைசி ஒழுங்கையின் புதிய கட்டடத்தில், வந்த விஷயத்தைச் சொல்லும் முன்பே கதவை முழுதாகத் திறந்தவள் மிதுனா என்ற இளம்பெண்.

"வீட்டில ஆர் ஆர் பிள்ளை இருக்கிறீங்கள்?"

"நானும் அவரும் அப்புவும்தான், அன்ரி."

சரோஜினிதேவி தேனுஜனின் கையைக் கிள்ளினார். யாழ்ப்பாணத்தில் தாத்தாவை அப்பு என்றுதான் அழைப்பார்கள்.

"அப்பு எந்த ஆண்டு பிறந்தவர்?"

"இருபத்து நாலு."

தேனுஜனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பிறந்த மனிதர்!

"ஒருக்காப் பார்க்கலாமோ?"

"இப்பதான் படுத்தவர், அன்ரி. எழுப்பினா வீட்டை ரெண்டாக்கிப்போடுவார்."

"சாப்பாடெல்லாம்?"

"சோறு குழைச்சுத்தான் தீத்திறது. பல் கொஞ்சம்தானே."

"நடப்பாரோ?"

"நடக்கிறதோ? ஓடுவார்! பிடிக்கப் போனாக் கோபம் வந்திடும்."

சரோஜினிதேவிக்குக் கண் கலங்கியது. "ஞாயிறு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவீங்களோ, பிள்ளை? நாங்கள் எல்லாரும் அவரைப் பார்க்க ஆசையா இருக்கிறம்."

"ஓ, வாறம். சனத்தைக் கண்டு அழாட்டிச் சரி."

"அழட்டும். நாங்களும் சேர்ந்து அழுவம்" என்றார் சரோஜினிதேவி. கதவு மூடிய பிறகும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

பெரியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று மிதுனாவின் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்திலேயே கூட்டத்தை வைத்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. பௌஸி தாயாரோடு வந்தார், பக்கத்தில் அந்தத் தாதி உட்கார்ந்துகொண்டார். விழுந்து கிடந்த மனிதரும் ஊன்றுகோலோடு வந்து, அடுத்த வீட்டுக்காரரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். சங்கத்தை மூடுகிற பேச்சை எவரும் எடுக்கவே இல்லை. சரோஜினிதேவி பொன்னாடையோடு லிஃப்ட் வாசலில் நின்றார்.

லிஃப்ட் திறந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. முன்வரிசை கை கூப்பியது.

மிதுனா வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு சின்னப் பையன்.

"அப்பு எங்க, பிள்ளை? பின்னால வாறாரோ?"

"இவர்தானே அன்ரி, அப்பு!" அவள் சிரித்தபடி பையனை இறக்கிவிட்டாள். "இருபத்து நாலில பிறந்தவர் எண்டு அண்டைக்கே சொன்னனானே. கணக்கெடுக்க வந்தவையிட்டயும் அப்பிடித்தான் சொன்னனாங்கள்."

"ரெண்டாயிரத்து இருபத்து நாலு... அவை ஆயிரத்துத் தொள்ளாயிரம் எண்டு போட்டிட்டினம்" என்று முனகினான் தேனுஜன். யாழ்ப்பாணத்தில் சின்னப் பையன்களையும் ஆசையாக அப்பு என்றுதான் அழைப்பார்கள் என்பது சரோஜினிதேவிக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரிவின் மிக மூத்த குடிமகன் தன் முன்னால் கை கூப்பி நின்ற அத்தனை பேரையும் அண்ணாந்து பார்த்தார், பிறகு தானும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.