கூட ஒரு கல்

“இன்னும் கொஞ்சம் நொண்டுங்க. உள்ள போனதும் ‘அம்மா’ன்னு ஒரு முனகல், மறந்துடாதீங்க” என்று புருஷனின் காதைக் கடித்தாள் மனைவி. உடல் குறைக்கான உதவித்தொகை கிடைக்காத முன்னாள் ராணுவத்தினர் மேல்முறையீடு செய்யும் அலுவலகம் அது. பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்ததும், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொய் ஒன்றும் இல்லை. இரண்டு முட்டியும் தேய்ந்து, படி ஏறினால் கரகரவென்று சத்தமே கேட்கும். ஆனால் மனுஷன் வலியை வெளியே காட்டினால்தானே? போன முறை “நல்லா இருக்கேன் சார்” என்று சொல்லிக் கோட்டை விட்டவர். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் உதவித்தொகையும் இல்லை, முட்டி ஆபரேஷனும் இல்லை.

“மொத லீவுல வந்தப்பவே முட்டி வலிக்குதுன்னீங்க. பட்டாளத்துக்காரருக்கு முட்டி வலியான்னு நான்தான் சிரிச்சேன். பாவி நான்.” அவள் அவர் முட்டியை நீவிவிட்டாள்.

“நீ சிரிச்சதோட விட்டே. மலை முகாம்ல வலின்னு சொன்னா, எங்க கேப்டன் முதுகுப் பையில கூட ஒரு கல்லை ஏத்துவாரு. அப்புறம் எவன் வாயத் திறப்பான்?”

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டர். பக்கத்தில் நரைத்த மீசையோடு குழுவின் புதுத் தலைவர். தலைவரைப் பார்த்ததுதான் தாமதம், சிப்பாய் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். நொண்டலும் இல்லை, முனகலும் இல்லை.

“முட்டி வலிக்குதா?” என்றார் டாக்டர்.

“இல்லை சார்!”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சர்வீஸ்ல இருந்தப்பவும் வலின்னு நீங்க சொன்னதா ஒரு பதிவுகூட இல்லையே. அப்புறம் எதுக்கு அப்பீல்?”

சிப்பாயின் நெற்றியில் வியர்வை வழிந்தது. நடிக்கச் சொல்லிக் கொடுத்து, இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள்.

அதுவரை நிமிர்ந்தே பார்க்காத தலைவர், நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். “டாக்டர், இந்தக் கேஸுக்கு நான் தலைவர் இல்ல, சாட்சி.”

சிப்பாயின் தோளில் கை வைத்தார்.

“வலிக்குதுன்னு சொல்லுப்பா. இது உன் கேப்டனோட உத்தரவு.”