தோடியில் ஒரு நடுக்கம்

பாடகர் சிவக்கொழுந்து வீட்டுத் தோடி ராகத்தில் ஒரு நடுக்கம் உண்டு. மூன்று தலைமுறையாக அதைக் கேட்கத்தான் கூட்டம் சேர்ந்தது. அந்த நடுக்கம் வராத தங்கை தையல்நாயகியை அவர் மேடையேற விட்டதே இல்லை.

தொண்டை களைத்தபோது, குடும்பப் பெயரைச் சொல்லாமல், தொண்டையின் அசைவை அப்படியே கேட்பவர்களுக்கு அனுப்பும் பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இணையத்தில் பாடினார். அதே பட்டையைக் கட்டிய, முகம் தெரியாதவர்கள் அவர் தொண்டையைத் தங்கள் தொண்டையில் உணர்ந்து யோசனை சொல்வார்கள்.

"தொண்டைக்கு ஓய்வு போதும் ஐயா. ஆனா அந்த நடுக்கம் ஸ்வரத்தை அசைச்சுப் பாடுற கமகம் இல்ல, நரம்புக் கோளாறு," என்றாள் ஒருத்தி. "எனக்கும் இருந்தது. மாத்திரையில நின்னுடுச்சு."

"அது எங்க பாணிம்மா. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்தது."

"அப்போ அவங்களுக்கும் இதேதான். பரம்பரையா வர்றது."

பட்டையைக் கழற்றி வீசினார். அடுக்களையில் தங்கை ஏதோ முனகிக்கொண்டிருந்தது முதல்முறையாகக் காதில் விழுந்தது.

"தையலு, இங்க வா. தோடி பாடு."

"நம்ம வீட்டுத் தோடி எனக்கு வராதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

"வராததைத்தான் பாடச் சொல்றேன்," என்று எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நடுங்காம இருந்தா அது எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல."