பக்கத்தில் நிற்பவர்

தட்டை வைத்ததுதான் தாமதம், நாய் குண்டன் அள்ளி விழுங்கியது. மூன்றாவது வாயிலேயே தொண்டை அடைத்துக் கண் பிதுங்கியது. அதை வளர்க்கும் தையல் கம்பெனி சூப்பர்வைசர் பதறிக் குனிந்தார். நாயின் முதுகில் ஓங்கித் தட்டினார். அடைத்த உருண்டை வெளியே விழுந்த பிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"மெதுவா சாப்பிடட்டும்னு மேடு பள்ளம் வச்ச தட்டுலதான் போடறேன் டாக்டர். அப்பவும் இப்படித்தான் முழுங்குது. என்னைக்காவது செத்துடுமோன்னு பயமா இருக்கு."

"அது சாப்பிடறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்துலயே நிப்பேன். கம்பெனியிலயும் எனக்கு அதே பழக்கம்தான். பின்னாடி போய் நின்னா தைக்கிறவங்க கை பறக்கும்."

"நாய்க்கு வாய் பறக்குது. தட்டைப் பிடுங்கிடுவீங்கன்னு அதுக்குப் பயம். வச்சிட்டுத் தள்ளிப் போயிடுங்க."

மதியம் தட்டை வைத்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தார். குண்டன் நிதானமாக, ரசித்து மென்றுகொண்டிருந்தது.

மனைவியிடம் சொல்லச் சமையலறை வாசலுக்கு ஓடினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அவர் நிழல் விழுந்ததுமே மீதிச் சோற்றை ஒரே வாயில் அள்ளித் திணித்தாள். தொண்டை அடைத்துக் கண் பிதுங்கியது.

"இதோ... முடிச்சுட்டேங்க. என்ன வேணும்?"



"ஒண்ணும் வேணாம். நீ மெதுவா சாப்பிடு" என்று பின்வாங்கினார்.

அதற்குள் அவள் எழுந்து கை கழுவியிருந்தாள்.